ஊர் வாயே சட்டமான நாடு

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேச்சு நடையைச் சற்றே திருத்தி வெளியிடுகிறோம்.)



தென்னாப்பிரிக்காவைப் பற்றிப் பேசுங்கள் என்றார் செயலாளர். மண்டேலாவைப் பற்றியும் காந்தியாரைப் பற்றியும் இந்த மேடையில் பலர் பேசியிருக்கிறார்கள். நான் இன்று தலைவர்களை விட்டுவிடுகிறேன். அந்த நாட்டின் தென்மேற்கு மூலையில், கேப் டவுன் நகரத்தைச் சுற்றி, ஆப்பிரிக்கான்ஸ் மொழி பேசுகிற உழைப்பாளி மக்கள் இருக்கிறார்கள். தையல் மெஷினுக்கு முன்னால் உட்காருகிறவர்கள், திராட்சை பறிக்கிறவர்கள், மீன் டின்னில் அடைக்கிறவர்கள். அவர்கள் சமையற்கட்டிலும் பஸ் ஸ்டாப்பிலும் இனத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளும் சாதாரணச் சொற்கள் அவர்களை எப்படி ஆக்கின என்பதுதான் இன்றைய பேச்சு.

சாதாரணச் சொல்தானே, அதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். அந்த ஊர் வாயையே எடுத்துச் சட்டப் புத்தகத்தில் எழுதி வைத்த நாடு அது. அதனால்தான் பேசுகிறேன்.

நமக்குத் தெரிந்த ஒரு சொல்

நமக்குத் தெரிந்த சொல்லிலிருந்தே தொடங்குவோம். 'கூலி' என்கிறோம். செய்த வேலைக்குக் கிடைக்கும் காசு. அதில் இழிவு ஏதும் இல்லை. கூலியைக் கேட்டு வாங்குகிறவன் மானமுள்ளவன்.

1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தில் நம்மவர்களை இறக்கியது. நேட்டால் கரும்புத் தோட்டங்களில் மாதம் 10 ஷில்லிங்குக்கு ஒப்பந்த வேலை. நாளாக நாளாக, உழைப்பின் விலைக்குப் பெயராக இருந்த சொல் உழைத்தவனுக்கே பெயராயிற்று. அதோடும் நிற்கவில்லை. ஒப்பந்தம் முடிந்து காய்கறி விற்றவரும் கூலி, கடை வைத்த குஜராத்திச் சேட்டும் கூலி, 1893-ல் வழக்கு நடத்தப் போன காந்தியார் 'கூலி பாரிஸ்டர்'. அந்தச் சொல்லின் வேர் தமிழ்க் கூலியா, கடற்கரைக் கோலி மக்களின் பெயரா என்று அறிஞர்கள் வாதிடுவார்கள். எந்த வேராக இருந்தாலும் என்ன? ஆங்கிலத்திலும் ஆப்பிரிக்கான்சிலும் அது ஒரு இனத்தின் மேல் எறியும் கல்லாயிற்று.

இதற்கு எந்தச் சட்டமன்றமும் தீர்மானம் போடவில்லை. சந்தையும் தெருவும் பேசிப் பேசியே ஒரு சொல்லை விலங்காக்கின. இதை மனத்தில் வைத்துக்கொண்டு கேப் டவுனுக்கு வாருங்கள்.

அந்த மொழி யாருடையது?

1652-ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கேப் முனையில் கொடி நாட்டியது. அங்கே வேலை செய்ய ஆள் வேண்டும். 1658 தொடங்கி 1808 வரை ஏறத்தாழ 60,000 அடிமைகளைக் கப்பலில் கொண்டுபோனார்கள். எங்கிருந்து? மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள், இலங்கை, வங்காளம், மலையாளக் கரை. பழவேற்காடும் நாகப்பட்டினமும் டச்சுக்காரர் கையில் இருந்த நம் சோழமண்டலக் கரை. ஆம் தோழர்களே, ட்ரூரோ கப்பலுக்கு 200 ஆண்டுகளுக்கு முன்பே நம் கரையிலிருந்து அந்த மண்ணுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒப்பந்தக் காகிதம்கூட இல்லாமல் போனவர்கள்.

எஜமானன் பேசியது டச்சு. அடிமைகளுக்கு ஆளுக்கொரு மொழி. அந்த மண்ணின் பூர்வகுடிகளான கொய்கொய் மக்களுக்கு வேறு மொழி. எல்லாரும் ஒரே அடுப்படியில், ஒரே வயலில் பேசிப் பேசி உருவான டச்சுக்குத்தான் ஆப்பிரிக்கான்ஸ் என்று பெயர். 'நிறைய' என்பதற்கு அந்த மொழியில் 'பாயா' என்பார்கள். அது மலாய்ச் சொல். குழம்புக்குக் 'கெரி', அது நம் கறி. மாட்டு வண்டிக்குள் போட்டுப் படுக்கும் மரப் படுக்கைக்குக் 'காத்தெல்'; அது போர்த்துகீசியர் வாய்வழிப் போன நம் கட்டில். கேப் டவுன் முஸ்லிம்கள் தம் மதரசாக்களில் இந்த மொழியை அரபு எழுத்தில் எழுதினார்கள். அப்படி எழுதிய மார்க்க நூல் ஒன்று 1877-ல் இஸ்தான்புல்லில் அச்சாகியிருக்கிறது.

அடிமைகளும் பூர்வகுடிகளும் பாதிக்கு மேல் பங்கு போட்டு உண்டாக்கிய மொழியைப் பிற்பாடு வெள்ளையர் தமக்கே உரியதாகப் பட்டா போட்டுக்கொண்டனர். 1875-ல் பார்ல் என்ற ஊரில் அதற்கென ஒரு சங்கம் கண்டார்கள். 1925-ல் அது ஆட்சிமொழியாயிற்று. 1975-ல் அதே ஊர் மலைமேல் மொழிக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அந்த மொழியைப் பெற்றெடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் பேசுவதை மட்டும் 'அடுப்படி மொழி' என்று ஏளனம் செய்தார்கள்.

கணக்கைப் பாருங்கள். 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் ஆப்பிரிக்கான்சைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் ஏறத்தாழ 68 லட்சம் பேர். அதில் ஏறக்குறையப் பாதிப்பேர் 'கலர்டு' எனப்பட்டவர்கள். வெள்ளையர் 40 சதம்தான். அடிமைகள், கொய்கொய் மக்கள், வெள்ளையர், கறுப்பர் எல்லாருடைய வழியிலும் வந்தவர்களுக்கு அரசு வைத்த பெயர்தான் கலர்டு, அதாவது நிறத்தார். ஜனவரி, செப்டம்பர், அக்டோபர் என்று குடும்பப் பெயர் உள்ளவர்களை இன்றும் அவர்களிடையே பார்க்கலாம். அடிமைகளுக்கு மாதத்தின் பெயரையே வைத்த காலத்தின் மிச்சம் அது.

'பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்'

1948-ல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. 1950-ல் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் போட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு இனத்தைக் குறித்து அட்டையில் எழுத வேண்டும். எழுத உட்கார்ந்த பிறகுதான் சங்கடம் புரிந்தது. 300 ஆண்டு கலந்து வாழ்ந்த மக்களில் யார் எந்த இனம்? ரத்தத்தைச் சோதித்தால் தெரியுமா? தெரியாது. பாட்டனைத் தேடினால், ஆள வந்தவர்களின் வீட்டுப் பாட்டிகளிலேயே அடிமைப் பெண்கள் வந்து நிற்பார்கள்!

ஆகவே சட்டம் என்ன சொல்லிற்று தெரியுமா? தோற்றத்தில் வெள்ளையராகத் தெரிகிறவரோ, வெள்ளையர் என்று பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டவரோ வெள்ளையர். ஆனால் தோற்றம் வெள்ளையாக இருந்தும், கலர்டு என்று பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர் வெள்ளையர் ஆகமாட்டார். வெள்ளையரும் இல்லாமல் கறுப்பரும் இல்லாமல் மிஞ்சியவர் கலர்டு.

பொதுவாக ஏற்றுக்கொள்வது யார்? பக்கத்து வீட்டுக்காரி, கடைக்காரர், மேஸ்திரி, சர்ச்சில் அடுத்த பெஞ்சில் உட்காருகிறவர். அவர்கள் உன்னை என்னவென்று பேசிக்கொள்கிறார்களோ அதுவே உன் இனம். 1962-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒருவருடைய பழக்கவழக்கம், படிப்பு, பேச்சு, நடையுடை பாவனை எல்லாவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று எழுதினார்கள். பேச்சு என்ற சொல்லே சட்டத்தில் வந்துவிட்டது!

சட்டத்தில் எழுதாததையும் அதிகாரிகள் செய்தார்கள். முடியில் பென்சிலைச் செருகிப் பார்ப்பார்கள். விழுந்தால் ஒரு இனம், நின்றால் வேறு இனம்.

சாண்ட்ரா லேயிங் என்ற சிறுமியின் கதை உலகம் அறிந்தது. 1955-ல் வெள்ளைப் பெற்றோருக்குப் பிறந்தவள். நிறம் கொஞ்சம் கறுப்பு, முடி சுருள். உடன் படித்த பிள்ளைகளின் பெற்றோர் முணுமுணுத்தார்கள். 1966-ல், 10 வயதில், அவளைப் பள்ளியிலிருந்து போலீசார் அழைத்துப் போனார்கள். அவளைக் கலர்டு என்று மாற்றி எழுதினார்கள். 1967-ல் சட்டத்தை மறுபடி திருத்தி, பெற்றோரின் இனமே பிள்ளைக்கும் என்றார்கள். உடனே அவள் திரும்பவும் வெள்ளைக்காரி ஆனாள். அட்டை மாறியது. ஆனால் ஊர் வாய் மாறியதா? மாறவில்லை. அந்தப் பெண் வளர்ந்து, தன்னைத் தள்ளாத கறுப்பு மக்களிடையே போய்த்தான் வாழ்ந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்த சட்டம்

சட்டம் வீட்டுக்கு வெளியே நின்றால் எதிர்த்துக் கொடி பிடிக்கலாம். இது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

கேப் டவுனில் உழைப்பாளிக் குடும்பத்தில் குழந்தை பிறந்தால் வந்து பார்க்கிறவர்கள் முடியைப் பார்ப்பார்கள். 'க்ரூஸ்' என்றால் சுருட்டை, 'ஹ்லாட்' என்றால் நேர் முடி. இந்த இரண்டு சொற்களுக்குள் ஒரு பிள்ளையின் எதிர்காலமே அடக்கம். நேர் முடிப் பிள்ளைக்கு நல்ல பள்ளி கிடைக்கலாம், கடையில் கவுண்டர் வேலை கிடைக்கலாம். சுருட்டை முடியைச் சூடு காட்டி நீட்டும் வேலை பெண்களுக்கு வாரம் தவறாத சடங்கு. சிவந்த தாத்தாவின் படம் முன்னறையில் மாட்டியிருக்கும். கறுத்த பாட்டியின் படம் பெட்டிக்குள் இருக்கும்.

கொஞ்சம் வெளுத்தவர்கள் வெள்ளையராகவே மாறிப் போவதும் உண்டு. 'வெள்ளைக்கு முயற்சி செய்கிறான்' என்று அதற்குத் தெருவில் ஒரு பேச்சே இருந்தது. அண்ணன் வெள்ளையர் பகுதிக்குக் குடிபோய்விடுவான். தம்பி கலர்டாகவே இருப்பான். தெருவில் எதிரே பார்த்தால் அண்ணன் பேசாமல் போவான். தம்பியும் கூப்பிட மாட்டான். கூப்பிட்டால் அண்ணன் பிழைப்பு போய்விடும். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தெரியாதவர்போல் நடந்துபோன தெருக்கள் அவை.

அவர்களைப் பழிக்க நான் இதைச் சொல்லவில்லை. பிள்ளைக்கு நல்லது வேண்டும் என்று நினைக்காத தாய் உண்டா? அந்த நாட்டில் அந்த நல்லது முடியிலும் தோலிலும் வைத்து விற்கப்பட்டது. வாங்க முடியுமா என்று பார்த்தார்கள். ஆனால் பேசப் பேச, வெளியார் வைத்த தராசு வீட்டு அடுப்படியில் வந்து தொங்கிற்று. கறுப்பாகப் பிறந்த பெண் குழந்தையைப் பார்த்து நம் வீடுகளில் உச்சுக் கொட்டுகிறார்களே, அந்த ஓசை நமக்குப் புதிதல்லவே!

வேலையிடத்தில் இரண்டு சொல்

1955-ல் அரசு ஒரு கொள்கை கொண்டுவந்தது. கேப் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் வேலை என்றால் கலர்டுக்கே முதலிடம். கலர்டு ஆள் கிடைக்கவில்லை என்று உறுதியானால்தான் கறுப்பரை வைக்கலாம். 1980-களின் நடுவில்தான் அதைக் கைவிட்டார்கள். அதே சமயம் குடியிருப்பையும் பிரித்தார்கள். 1966 பிப்ரவரி 11-ஆம் நாள் கேப் டவுனின் நடுவிலிருந்த டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதியை வெள்ளையருக்கு என்று அறிவித்தார்கள். 60,000 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டனர். வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். கோயில்கள் மட்டும் தனியே நின்றன. மக்களை நகருக்கு வெளியே மணல் வெளியில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். மானன்பெர்க் கலர்டுக்கு, குகுலெத்து கறுப்பருக்கு. நடுவில் ஒரு ரயில் பாதை.

ரயில் பாதையின் இந்தப் பக்கத்தில் இரண்டு சின்னச் சொற்கள் வளர்ந்தன. 'ஒன்ஸ்' என்றால் நாங்கள். 'ஹல்லே' என்றால் அவர்கள், நம் பேச்சு வழக்கில் 'அவங்க'. அவங்க வந்தால் வேலை போய்விடும். அவங்க வந்தால் வீடு போய்விடும். யாரும் பெயர் சொல்ல வேண்டியதில்லை. கை ரயில் பாதைப் பக்கம் காட்டினால் போதும்.

திராட்சைத் தோட்டங்களில் வேறு மாதிரி. அங்கே முதலாளி 'பாஸ்', அவருடைய பையன் 'சின்ன பாஸ்'. 60 வயதுத் தொழிலாளியும் அவருக்கு 'பையன்'தான். கூலியில் ஒரு பகுதியைக் காசாகக் கொடுக்காமல் மட்டமான ஒயினாகக் கொடுத்தார்கள். பிற்பாடு சட்டம் அதைத் தடுத்தும் பழக்கம் சீக்கிரம் சாகவில்லை. தாய் வயிற்றிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகள் உலகிலேயே மிக அதிகமாக உள்ள இடங்களில் அந்தப் பகுதியும் ஒன்று. இவ்வளவையும் செய்துவிட்டு ஊர் என்ன பேசிற்று? 'குடிகாரச் சாதி' என்று பேசிற்று. குடிக்க வைத்தவனுக்குப் பெயர் இல்லை. குடித்தவனுக்குப் பெயர் வைத்தார்கள். கேலியாகப் பேசப்பட்ட அந்தப் பெயரைத் தொழிலாளி தானே தன்னைப் பற்றிச் சிரித்துக்கொண்டு சொல்லும் நிலை வந்தது. நிந்தனை முழு வெற்றி பெறுவது அப்போதுதான்.

வெள்ளைத் தொழிலாளியின் கதை

அதே மொழி பேசும் வெள்ளைத் தொழிலாளியும் ஏழைதான். 1922-ல் ஜோகானஸ்பர்க் பக்கத்துத் தங்கச் சுரங்கங்களில், செலவு குறைக்க வெள்ளையரை நீக்கிக் குறைந்த கூலிக்குக் கறுப்பரை வைக்கப் பார்த்தார்கள் முதலாளிகள். வேலை நிறுத்தம் கலகமாயிற்று. விமானத்திலிருந்து குண்டு போட்டு அடக்கினார்கள். அந்தத் தொழிலாளர் ஊர்வலத்தில் ஏந்திய கொடியில் என்ன எழுதியிருந்தது? உலகத் தொழிலாளரே ஒன்றுபடுங்கள், வெள்ளைத் தென்னாப்பிரிக்காவுக்காகப் போராடுங்கள்! மார்க்சின் முழக்கத்துக்கு இப்படியும் ஒரு வால் முளைத்தது.

1924-க்குப் பிறகு வந்த அரசு ஏழை வெள்ளையருக்கு ரயில்வேயில் வேலை கொடுத்தது. அந்தக் கொள்கைக்கு வைத்த பெயர் 'நாகரிகத் தொழிலாளர்' கொள்கை. அப்படியானால் மற்றவர் அநாகரிகர்! 1932-ல் வெளிவந்த கார்னகி ஆய்வு, 3 லட்சம் வெள்ளையர் வறுமையில் கிடக்கிறார்கள் என்றது. பட்டினி கிடந்தாலும் சில வேலைகளைச் செய்ய அவர்கள் கூசினார்கள். மண் வெட்டுவது, சுமப்பது போன்ற வேலைகளுக்குக் கறுப்பரை இழிக்கும் ஒரு சொல்லை முன்னால் ஒட்டிப் பெயர் வைத்திருந்தார்கள். அந்தச் சொல்லை நான் இந்த மேடையில் சொல்லப்போவதில்லை. 2018-ல் ஒரு கறுப்புப் போலீஸ்காரரை அந்தச் சொல்லால் ஓயாமல் திட்டிய பெண்மணிக்கு அந்நாட்டு நீதிமன்றம் சிறைத் தண்டனையே கொடுத்தது.

அந்த வெள்ளைத் தொழிலாளிக்குக் கையிலும் கூடுதலாகக் கூலி கொடுத்தார்கள், வாயிலும் கொடுத்தார்கள். நீ யாருக்கும் கீழே இல்லை என்ற பேச்சே அவனுக்கு இரண்டாவது கூலி. கலர்டு தொழிலாளிக்கு முதல் கூலியைக் கொடுக்கவில்லை. இரண்டாவதில் மட்டும் அரைப் பங்கு கொடுத்தார்கள். நீ அவங்களுக்கு மேலே என்றார்கள். வயிறு காலி, ஆனால் ஒரு படி மேலே!

நாமும் நாங்களும்

தமிழில் ஒரு வசதி உண்டு. கேட்கிறவரையும் சேர்த்தால் 'நாம்', சேர்க்காவிட்டால் 'நாங்கள்'. ஆப்பிரிக்கான்சில் இரண்டுக்கும் 'ஒன்ஸ்' என்ற ஒரே சொல்தான். அந்த ஒரே சொல்லை வைத்து வெள்ளை அரசியல்வாதிகள் எத்தனை ஆட்டம் ஆடினார்கள்!

கேப்பில் சொத்துத் தகுதி உள்ள கலர்டு ஆண்களுக்கு 1853 முதலே வாக்குரிமை இருந்தது. 1920-களில் பிரதமர் ஹெர்ட்சாக் அவர்களைப் பார்த்து, மொழியும் பழக்கமும் ஒன்று, நீங்கள் எங்கள் பக்கம் என்றார். வாக்கு வேண்டும்போது 'நாம்'. 1956-ல் அவர்களைப் பொது வாக்காளர் பட்டியலிலிருந்தே நீக்கினார்கள். வாக்கு வேண்டாதபோது 'நாங்கள்'. கேட்டவனுக்கு எது நாம், எது நாங்கள் என்று பிரித்துக்கொள்ள அந்த மொழியில் வழியில்லை. வாழ்ந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஒரு மக்ரோனித் தொழிற்சாலை

ஊர் வாய் இப்படியே போகும், என்ன செய்ய முடியும் என்று சோர்ந்துவிடக் கூடாது தோழர்களே. அதே தொழிலாளிகள் வேறு மாதிரியும் பேசிக் காட்டினார்கள்.

1970-களில் ஸ்டீவ் பிகோவும் அவருடைய மாணவத் தோழர்களும் 'கறுப்பர்' என்ற சொல்லுக்குப் புதுப்பொருள் கொடுத்தார்கள். ஆப்பிரிக்கர், கலர்டு, இந்தியர் என்று ஒடுக்கப்பட்ட எல்லாருமே கறுப்பர் என்றார்கள். நம் நேட்டால் தமிழ்ப் பிள்ளைகளும் அந்தப் பெயரைப் பெருமையோடு ஏற்றார்கள். 1976 ஜூன் 16-ல் ஆப்பிரிக்கான்சைப் பாடமொழியாகத் திணித்ததை எதிர்த்து சொவேட்டோவில் பிள்ளைகள் கிளம்பியபோது, அந்த மொழியையே தாய்மொழியாகக் கொண்ட கேப் டவுன் பிள்ளைகளும் ஆகஸ்டு மாதம் தெருவுக்கு வந்தார்கள். மொழி எங்களுடையது, அடக்குமுறை உங்களுடையது என்று பிரித்துக் காட்டினார்கள்.

தொழிலாளர் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்தது 1979-ல் நடந்தது. பெல்வில் பகுதியில் ஃபட்டிஸ் அண்டு மோனிஸ் என்ற மாவு, மக்ரோனித் தொழிற்சாலை. உணவு மற்றும் டப்பாத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்த சிலரை வேலையிலிருந்து நீக்கினார்கள். 88 பேர் வேலை நிறுத்தம் செய்தார்கள். கலர்டு தொழிலாளிகளும் உண்டு, கறுப்புத் தொழிலாளிகளும் உண்டு. கறுப்பருக்கு நகரத்தில் தங்கும் உரிமையே வேலையில் இருந்தால்தான். வேலை போனால் ஊரைவிட்டே துரத்துவார்கள். நிர்வாகம் பழைய பாட்டைப் பாடிற்று. கலர்டு தனியாகப் பேச வாருங்கள், கறுப்பர் தனியாக வாருங்கள் என்றது.

அவர்கள் தனித்தனியாகப் போகவில்லை. நாங்கள் எல்லாரும் தொழிலாளிகள், எல்லாரையும் சேர்த்தே எடு என்றார்கள். ஏழு மாதம் அப்படியே நின்றார்கள். சர்ச்சும் மசூதியும் மாணவரும் கடைக்காரரும் அந்தக் கம்பெனிப் பண்டங்களை வாங்குவதை நிறுத்தினார்கள். நவம்பரில் நிர்வாகம் இறங்கி வந்தது. அந்த ஏழு மாதமும் 'ஒன்ஸ்' என்ற சொல்லுக்குப் பொருள் 'நாம்' என்பதாக இருந்தது. எந்த அகராதிக்காரரும் மாற்றவில்லை. பசியோடு நின்ற தொழிலாளிகள் மாற்றினார்கள். நான்காண்டு கழித்து, 1983 ஆகஸ்டு 20-ல், கலர்டு மக்களின் மிட்செல்ஸ் பிளெய்னில்தான் நிறவெறியை எதிர்த்த ஐக்கிய ஜனநாயக முன்னணி தொடங்கிற்று.

சட்டம் போயிற்று, பேச்சு போகவில்லை

1991-ல் மக்கள்தொகைப் பதிவுச் சட்டத்தை ரத்து செய்தார்கள். 1994-ல் எல்லாருக்கும் வாக்கு. மேற்குக் கேப்பில் வென்றது யார் தெரியுமா? தேசியக் கட்சி! டிஸ்ட்ரிக்ட் சிக்ஸை இடித்த கட்சி, வாக்குரிமையைப் பறித்த கட்சி. கலர்டு உழைப்பாளிகளில் பெரும்பகுதியினர் அதற்கே வாக்களித்தார்கள். 'அவங்க வந்தால்' என்ற 40 ஆண்டுப் பேச்சு, தேர்தல் நாளில் பெட்டியில் விழுந்தது.

அறியாமை என்று சொல்லி அவர்களை ஒதுக்கிவிடுவது எளிது. நான் அப்படிச் சொல்லமாட்டேன். அவர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. 'அன்று போதிய வெள்ளையாக இல்லை, இன்று போதிய கறுப்பாக இல்லை' என்று அங்கே எல்லா வீட்டிலும் ஒரு பேச்சு உண்டு. 1998-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, சலுகைக்குரிய 'கறுப்பர்' என்ற சொல்லில் கலர்டும் அடக்கம். ஆனால் வேலைக்கு நிற்கும் வரிசையில் அவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்களுடைய பெண்கள் வேலை செய்த தையல் ஆலைகள், 1990-களில் இறக்குமதி வரியைக் குறைத்த பிறகு ஒவ்வொன்றாக மூடின. மூடியது உலகச் சந்தை. வீட்டில் பேசப்பட்டது மட்டும் அவங்களைப் பற்றி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போராட்டக் காலத்தில் 'கலர்டு என்று சொல்லப்படுகிறவர்கள்' என்றுதான் மானமுள்ளவர்கள் எழுதினார்கள். இன்று சிலர், அந்தப் பெயரில்தான் எங்கள் பாட்டு, எங்கள் சமையல், எங்கள் சிரிப்பு எல்லாம் இருக்கிறது, அதை ஏன் விட வேண்டும் என்கிறார்கள். சிலர் கொய்சான் பூர்வகுடிகள் என்று புதுப்பெயர் தேடுகிறார்கள். அடுப்படி மொழி என்று இகழப்பட்ட பேச்சுக்குக் 'காப்ஸ்' என்ற பெயரோடு, 2021-ல் அகராதி தொகுக்கும் வேலை தொடங்கிற்று. இகழப்பட்ட பேச்சை நிமிர்ந்து பேசுவது விடுதலைதான். அதை நான் வரவேற்கிறேன். ஆனால் 'நாங்கள்' என்று நிமிர்கிற தலை, ரயில் பாதைக்கு அப்பால் இருப்பவரைப் பார்த்து 'அவங்க' என்று குனிய வைக்குமானால், பழைய சட்டம் வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது என்றுதான் பொருள்.

நம் வாய்

இறுதியாக ஒரு வார்த்தை. நாம் பிழைக்க வந்த இந்த மும்பையில், நம்மை 'மதராசி' என்று ஒரே சொல்லில் அடைத்தார்கள். 1960-களில் லுங்கியைக் காட்டி நம் கடைகளை அடித்தார்கள். பெரியவர்களுக்கு அது மறந்திருக்காது. இன்று பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்து நம்மோடு ஒரே நாக்காவில் கூலிக்கு நிற்கிறவர்களைப் பற்றி நாம் என்ன பேசுகிறோம்? டீக்கடையில் என் காதில் விழுந்தது: "அவங்க வந்தப்புறம்தான்யா ரேட்டு கெட்டுப்போச்சு." சொன்னவர் நம் சங்கத்து உறுப்பினர். பெயர் சொல்லமாட்டேன், சிரிக்கிறார், அவருக்குத் தெரியும்.

ரேட்டைக் கெடுத்தது யார்? கொடுக்கிறவனா, வாங்குகிறவனா? பெல்வில் தொழிற்சாலையில் இந்தக் கேள்வியைக் கேட்டதால்தான் வென்றார்கள்.

ஆகவே நான் பெரிய தீர்மானம் ஏதும் முன்மொழியவில்லை. இனிமேல் நம்மில் யாராவது 'அவங்க' என்று தொடங்கினால், பக்கத்தில் இருப்பவர் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எவங்க?" பதில் சொல்லி முடிப்பதற்குள் பாதி நஞ்சு இறங்கிவிடும். மீதியை இறக்கத்தான் சங்கம் இருக்கிறது.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது உண்மை. ஆனால் அந்த ஊரில் நம் வாயும் ஒன்று.